மைனஸ் டிகிரியில் அலைச் சவாரி!

மார்கழி மாசம். விடியற்காலை ஐந்தரை மணி. ‘ஹீட்டர் ரிப்பேர், பச்சைத் தண்ணியிலேயே குளிச்சிட்டு காலேஜுக்குக் கிளம்பு’ என்று அம்மா சொன்னால் உங்க ரியாக்‌ஷன் என்ன? ஹாஸ்டல்வாசி என்றால் பிரச்னையே இல்லை... குளியலுக்கே லீவு விட்டுடுவீங்க!

இத்தனைக்கும் சென்னையின் மார்கழித் தண்ணி 20 டிகிரிக்கும் மேலேதான் இருக்கும். அதை நாலில் ஒரு பங்காக்குங்க. 5 டிகிரி. ஃப்ரிட்ஜுக்குள் ராத்திரி முழுக்க இருந்த வாட்டர் பாட்டிலின் ஜில்லு. இப்போ அந்த ஜில்லில் ஒரு கடலையே கற்பனை பண்ணுங்க. கரையில் மணலை மூடிக்கொண்டு பனி. மலையில் இருந்து இறங்கும் காற்று ஊசி மாதிரி குத்துது. சூரியன் லீவு போட்டு இரண்டு வாரம் ஆச்சு. அந்தக் கடலுக்குள் கக்கத்தில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு, சிரித்தபடியே இறங்குகிறது ஒரு கும்பல்!

‘லூஸா அவங்க?’ என்றுதானே கேட்கிறீங்க? இல்லவே இல்லை. கணக்கில் புலிகள்! எப்படின்னு பார்க்கலாம், வாங்க.

அலைக்கும் குளிருக்கும் என்ன தோஸ்தி?

சர்ஃபிங் என்றதும் மனசுக்குள் என்ன படம் ஓடுது? ஹவாய், தென்னை மரம், பளீர் வெயில், பூப்போட்ட டவுசர். தப்பில்லை. நவீன சர்ஃபிங்குக்குத் தாய்வீடு ஹவாய்தான். ஆனால் அலைக்கு வெயில் வேண்டாம் பாஸ், காற்றுதான் வேணும்.

காற்று எவ்வளவு வேகமாக அடிக்குது, எவ்வளவு நேரம் அடிக்குது, எவ்வளவு தூரக் கடல்மேல் தடையில்லாமல் அடிக்குது... இந்த மூணும் கூடக் கூட அலையும் பெரிசாகும். குளிர்காலத்தில் வட துருவப் பக்கம் சூரியன் எட்டிப் பார்க்காது. தெற்கே வெப்பமண்டலத்திலோ சூடு பெரிசாகக் குறையாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வெப்ப வித்தியாசம் கோடையைவிட ரொம்ப அதிகம். புயலுக்கு அந்த வித்தியாசம்தான் சாப்பாடு. வட அட்லாண்டிக்கில் ஐஸ்லாந்தை ஒட்டிக் குளிர்காலம் முழுக்கத் தாழ்வு மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகிக்கொண்டே இருக்கும்.

புயல் நடுக்கடலில் அடிக்கும். அது கிளப்பிவிட்ட அலையோ நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வேறு ஒரு கரையில் வந்து சேரும். வழியிலேயே நீளமான அலைகள் முந்திக்கொள்ளும்; குட்டி அலைகள் பின்தங்கும், அடங்கும். அதனால் கரைக்கு வரும்போது குழப்பமெல்லாம் தீர்ந்து, என்.சி.சி. பரேடு மாதிரி வரிசை வரிசையாக வரும். இதுக்கு ‘ஸ்வெல்’ என்று பேர். சர்ஃபர்கள் தவம் கிடப்பது இதுக்காகத்தான்.

வட அட்லாண்டிக்கில் கோடையில் இந்த ஸ்வெல் பெரும்பாலும் தூங்கி வழியும். நிஜமான சீசன் தொடங்குவதே இலையுதிர் காலத்தில்தான். ‘வெயில் வேணுமா, அலை வேணுமா?’ என்று கடல் கேட்கும். இரண்டும் வேணும் என்றால் வேற ஊர் பாருங்க!

சூரியன் இல்லாத பீச்

நார்வேயின் வடக்கே லோஃபோட்டன் தீவுகள். ஆர்ட்டிக் வட்டத்துக்கும் மேலே, 68-வது அட்சரேகையை ஒட்டிக் கிடக்கின்றன. குளிர்காலத்தில் முட்டையிட வரும் காட் மீனைப் பிடித்து, மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் கருவாடாக்கி விற்றுப் பல நூற்றாண்டுகளாகப் பிழைத்த பூமி. அங்கே ஒரு தீவில் அன்ஸ்டாட் என்று ஒரு குட்டியூண்டு ஊர். சுற்றிலும் மலை, ஒரு பக்கம் மட்டும் திறந்த கடல். மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாகத்தான் கார் உள்ளே போகும். வெளிச்சத்துக்கு வந்ததும் எதிரே அட்லாண்டிக்!

இந்த ஊருக்கு சர்ஃபிங் வந்த கதையே ஒரு சினிமா. தோர் ஃப்ரான்ட்சன், ஹான்ஸ் எகில் க்ரானே என்று இரண்டு பேர். கப்பல் வேலைக்குப் போன இடத்தில், ஆஸ்திரேலியக் கடற்கரையில் சர்ஃபிங்கைப் பார்த்து அசந்து போனார்கள். ‘நம்ம ஊர்லயும் இதே மாதிரி அலை வருதே!’ என்று பொறி தட்டியது. 1963-ல் ஊர் திரும்பினார்கள். போர்டு வாங்கக் கடை ஏது? பீச் பாய்ஸ் இசைத்தட்டின் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துத் தாங்களே போர்டு செய்து கடலில் இறங்கினார்கள். ஊர்க்காரர்களின் முகம் எப்படி இருந்திருக்கும்? கடலுக்குப் போவது மீன் பிடிக்கத்தானே, விளையாடவா போவாங்க!

பின்னாளில் ஃப்ரான்ட்சனின் மகள் குடும்பமே அந்த ஊரில் சர்ஃபிங் முகாம் நடத்த ஆரம்பித்தது. 2000-களில் ‘லோஃபோட்டன் மாஸ்டர்ஸ்’ என்ற போட்டியும் தொடங்கியது. கையால் செய்த இரண்டு போர்டில் ஆரம்பித்த கதை, உலக சர்ஃபிங் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிட்டது.

‘ஆர்ட்டிக் கடல் உறைஞ்சு போகாதா?’ என்று கேட்கிற சயின்ஸ் குரூப் மாணவரே, சபாஷ்! இதே அட்சரேகையில் இருக்கும் கிழக்கு கிரீன்லாந்துக் கரையைக் குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் அடைத்துக்கொள்ளும். லோஃபோட்டன் தப்பிப்பதற்குக் காரணம், கல்ஃப் ஸ்ட்ரீமின் தொடர்ச்சியாக வடக்கே ஏறி வரும் வெதுவெதுப்பான நீரோட்டம். அது புண்ணியம் கட்டிக்கொள்வதால்தான் நடுக் குளிர்காலத்திலும் தண்ணி 5 டிகிரியை ஒட்டி நிற்கிறது. வெளியே காற்று பூஜ்யத்துக்குக் கீழே போனால், கரையைவிடக் கடலே கதகதப்பு!

டிசம்பர் தொடக்கத்தில் இருந்து ஜனவரி தொடக்கம் வரை அங்கே சூரியன் அடிவானத்தைத் தாண்டி மேலே வராது. மலைகளும் மறைப்பதால் நேரடி வெயில் இல்லாத நாட்கள் இன்னும் நீளும். மதியத்தை ஒட்டிச் சில மணி நேரம் நீல நிறத்தில் ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். அதற்குள் அலையும் காற்றும் ஒத்துழைத்தால் உண்டு. இல்லைன்னா காபி குடித்துவிட்டுத் தூங்க வேண்டியதுதான்.

அந்த முதல் நிமிஷம்

இனிமேல்தான் விஷயம் சீரியஸ். கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

ஐந்து டிகிரி தண்ணிக்குள் சாதாரண உடையில் ஒருத்தர் திடீர்னு விழுந்துட்டார். எதனால் ஆபத்து? ‘விறைச்சுச் செத்துடுவாரு’ என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். உடம்பு உள்ளே வரைக்கும் குளிர நிறைய நேரம் ஆகும். அதற்கு ரொம்ப முன்னாடியே வேற வில்லன் வந்துடுவான்.

அவன் பேர் ‘கோல்டு ஷாக்’. சருமம் சட்டென்று குளிர்ந்ததும் உடம்பு தானாகவே ‘ஹக்’ என்று ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அதைத் தொடர்ந்து மூச்சு தாறுமாறாக வாங்கும். இதயம் படபடவென அடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும். நீங்க நினைச்சாலும் உடனே நிறுத்த முடியாது. அந்த முதல் ‘ஹக்’ வரும்போது தலை தண்ணிக்கு உள்ளே இருந்தால்? மூச்சோடு தண்ணியும் நுரையீரலுக்குள் போகும். நீச்சல் சாம்பியனாக இருந்தாலும் அந்த ஒரு மூச்சு போதும்.

இரண்டாவது வில்லன் சத்தமில்லாமல் வருவான். தண்ணி, காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே இருக்கும் முக்கிய உறுப்புகளைக் காப்பாற்ற, கை கால்களுக்குப் போகிற ரத்தத்தை உடம்பு குறைச்சுடும். புத்திசாலி ஏற்பாடுதான். ஆனால் விரல் மடங்காது, கை துழாவாது. ‘நீந்து நீந்து’ என்று மூளை கத்தும், கை கேட்காது.

ஹைப்போதெர்மியா, அதாவது உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது, இதுக்கெல்லாம் அப்புறம்தான்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இந்த விஷயத்தை ஆராய்வதற்காகத் தானே பலமுறை ஐஸ் தண்ணிக்குள் இறங்கியவர். அவர் பரப்பிய ஃபார்முலா ரொம்பச் சுலபம்: 1-10-1. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிஷம். கை கால் உருப்படியாக வேலை செய்வது சுமார் 10 நிமிஷம். குளிரால் நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணி நேரம். இது உறைநிலைத் தண்ணிக்குச் சொன்ன தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இதிலிருக்கும் சேதி மாறாது. முதல் நிமிஷத்தில் பதறாமல் இருந்தால், மத்த நிமிஷங்கள் உங்க கையில்!

அணுகுண்டு விஞ்ஞானி கொடுத்த சட்டை

அப்போ இவங்க மட்டும் எப்படி ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று உள்ளே கும்மாளம் போடறாங்க? ‘வெட்சூட்’ என்கிற ரப்பர் உடைதான் ரகசியம்.

இதைக் கண்டுபிடிச்சவர் சர்ஃபர் இல்லை, இயற்பியல் விஞ்ஞானி. பெயர் ஹியூ பிராட்னர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். 1950-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தபடி, கடற்படையின் முக்குளிப்பு வீரர்களைக் குளிரில் இருந்து காப்பாற்ற வழி தேடினார். அதுவரை எல்லாரும் ‘உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி புகக் கூடாது’ என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிராட்னர் மாத்தி யோசித்தார். ‘நனையட்டுமே! குளிரைத் தடுக்கத் தேவை ஈரமில்லாத உடம்பு இல்லை, வெப்பம் கடத்தாத ஒரு படலம்தானே?’

நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரில் கோடிக்கணக்கான குட்டிக் குட்டி வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கும். அந்தக் குமிழ்கள்தான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும் சுவர். உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவே கொஞ்சமாகக் கசியும் தண்ணி, உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாகி அங்கேயே தங்கிவிடும். சூட் லூஸாக இருந்தால் அம்பேல்! பழைய தண்ணி வெளியே போய், புதுசாக ஜில் தண்ணி உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வெட்சூட்டைத் தோலுக்கு மேல் தோல் மாதிரி இறுக்கமாகப் போடுறாங்க.

அதே 1952-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘சர்ஃப் ஷாப்’ என்று ஒரு கடையைத் திறந்தார் ஜாக் ஓ’நீல். அந்த ஊர்க் கடல் கோடையிலும் நடுங்க வைக்கும். ‘இன்னும் கொஞ்ச நேரம் அலையில் இருக்கணும்’ என்கிற ஆசைதான் அவரை ரப்பரோடு மல்லுக்கட்ட வைத்தது. சர்ஃபர்களுக்கான வெட்சூட்டை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்த பெரிய பிராண்டாக அது வளர்ந்தது. 1971-ல் சர்ஃபிங் விபத்தில் ஒரு கண்ணை இழந்தார். கறுப்புக் கண்பட்டையும் தாடியுமாகக் கடற்கொள்ளைக்காரர் கெட்டப்பில் கடைசிவரை கடலைப் பார்த்தபடியே வாழ்ந்து, 2017-ல் தன் 94-வது வயதில் மறைந்தார்.

இன்னிக்கு ஆர்ட்டிக் சர்ஃபருக்கான சூட்டில் ‘6/5’, ‘6/5/4’ என்று பின்னம் மாதிரி எண்கள் இருக்கும். எல்லாம் மில்லிமீட்டர். மார்புப் பக்கம் தடிமன் அதிகம், கை கால் பக்கம் குறைவு. மார்பில் சூடு தங்கணும், தோள் லேசாகச் சுழலணும். தலைக்கு ஹூட், கைக்கு க்ளவுஸ், காலுக்கு பூட்ஸ். வெளியே தெரிவது முகம் மட்டும்தான்; அதிலும் வாஸ்லைனைத் தடவிக்கொள்கிறவர்கள் உண்டு. கண்ணாடியில் பார்த்தால் கறுப்பு சீல் மாதிரி இருப்பீங்க. செல்ஃபிக்கு லாயக்கில்லை!

இறங்குவதற்கு முன்னாடி...

ஒரு சர்ஃபரின் குளிர்கால நாள் எப்படிப் போகும்? பாதிக்கு மேல் தண்ணிக்கு வெளியேதான்!

முதல்நாள் ராத்திரி வானிலை வரைபடத்தைப் பார்ப்பார்கள். ஸ்வெல் எந்தத் திசையில் வருது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி, காற்று கரையில் இருந்து கடலைப் பார்த்து அடிக்குதா, கடலில் இருந்து கரைக்கு அடிக்குதா. முதல் வகை என்றால் அலையின் முகம் வழவழவென நிமிர்ந்து நிற்கும், ஜாலி! இரண்டாவது என்றால் அலை கலைந்து கொதிக்கும் குழம்பாகிவிடும்.

கரைக்குப் போனதும் ஓடிப் போய் குதிக்க மாட்டார்கள். நின்று நிதானமாகக் கடலைப் பார்ப்பார்கள். எங்கே உடையுது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குது, எங்கே இறங்கி எங்கே ஏறுவது? திரும்பி வரும் வழி தெரியாமல் உள்ளே போகக் கூடாது என்பது பால பாடம்.

கரையோரம் கார் பக்கத்தில் பனிக்கு நடுவே ஆடை மாத்துவது தனி சாகசம். பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் நின்றுகொண்டு, ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்த வெந்நீரை க்ளவுஸிலும் பூட்ஸிலும் ஊற்றி... ஆஹா! தண்ணிக்குள் இறங்கியதும் முகத்தில் கொஞ்சம் தண்ணி தெளித்து, மூச்சை நிதானமாக்கி, உடம்புக்கு ‘வரப் போகுது’ என்று முன்னறிவிப்பு கொடுப்பார்கள். போர்டை அழுத்திக்கொண்டு வாத்து மாதிரி முதல் அலைக்கு அடியில் மூழ்கி எழும்போது நெற்றிப்பொட்டில் ஒரு வலி சுரீர் என்று பிடிக்கும். ஐஸ்க்ரீமை அவசரமாக முழுங்கினால் வருமே, அதே வலிதான். இது நூறு மடங்கு!

வருஷக்கணக்கில் குளிர்த் தண்ணியில் கிடப்பவர்களுக்குக் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து வழியைக் குறுக்கிவிடும். ‘சர்ஃபர்ஸ் இயர்’ என்றே டாக்டர்கள் பேர் வைத்துவிட்டார்கள். அதைத் தவிர்க்கத்தான் காதடைப்பான்.

அப்புறம் ஒரு எழுதப்படாத சட்டம்: தனியாக இறங்காதே. கூட இருப்பவனின் பேச்சைக் கவனி. வார்த்தை குளறுதா? காரணமில்லாமல் எரிந்து விழறானா? போர்டு கையில் இருந்து நழுவுதா? எழுந்து நிற்கும்போது தடுமாறுறானா? குளிர் மூளையைத் தொட ஆரம்பிச்சாச்சு என்று அர்த்தம். அவனுக்கு அது தெரியாது. ‘ஐ ஆம் ஓகேடா’ என்றுதான் சொல்வான். நண்பன்தான் இழுத்துக்கொண்டு கரைக்கு வரணும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் கிறிஸ் பர்கார்டின் அனுபவம் இதுக்குச் சாட்சி. வெயிலடிக்கும் பீச் படங்கள் எடுத்து அலுத்துப்போய், குளிர்க் கடல்களைத் தேடிக் கேமராவோடு கிளம்பியவர். அன்ஸ்டாட்டில் அலைக்கு நடுவே மிதந்து படம் எடுத்தபோது ஹைப்போதெர்மியா அவரைப் பிடித்துக்கொண்டது. நடுங்கி, பார்வை மங்கி, கரைக்கு வர வேண்டியதாயிற்று. 2015-ல் டெட் மேடையில் இதை மறைக்காமல் சொன்னார். அதுக்கப்புறமும் அவர் குளிரை விடலை. ஐஸ்லாந்தின் குளிர்காலப் புயலுக்கு நடுவே அலை தேடிப் போன பயணத்தை ‘அண்டர் ஆன் ஆர்ட்டிக் ஸ்கை’ என்ற படமாக 2017-ல் வெளியிட்டார். பச்சை நிறத்தில் வானம் நெளியும் துருவ ஒளிக்குக் கீழே அலையில் சறுக்கும் காட்சி... சான்ஸே இல்லை!

உப்பில்லாக் கடல்

குளிர்ச் சவாரிக்குக் கடல்தான் வேணும் என்றில்லை, ஏரியே போதும் என்கிறது அமெரிக்காவின் டுலூத் நகரம். பக்கத்தில் இருப்பது சுப்பீரியர் ஏரி. பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி, சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேலே!

ஆனால் இங்கே தூரத்துப் புயல் அனுப்பும் ஸ்வெல் கிடையாது. புயல் தலைக்கு மேலே அடிக்கும்போதுதான் அலையும் வரும். அது அடங்கினால் அலையும் சீக்கிரம் அடங்கிடும். அதனால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் நாளில்தான் இவங்க போர்டோடு கிளம்புறாங்க. நன்னீரில் உப்பு இல்லாததால் மிதக்கும் சக்தியும் கொஞ்சம் கம்மி. தண்ணி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். காற்றோ அதுக்கும் பல டிகிரி கீழே. தாடி, மீசை, இமை எல்லாவற்றிலும் ஐஸ் குச்சி தொங்க, கரையேறி வரும் சர்ஃபர்களின் படங்கள் ரொம்பப் பிரபலம். பார்த்தால் சிரிப்பு வரும்.

அந்த ஏரிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1975 நவம்பர் 10-ம் தேதி, இரும்புத் தாது ஏற்றிப் போன ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு’ என்ற ராட்சதக் கப்பல் இதே மாதிரி ஒரு நவம்பர் புயலில் இந்த ஏரியில்தான் மூழ்கியது. 29 பேரில் ஒருத்தர்கூடப் பிழைக்கலை. அந்தக் கதை தெரிந்த எவனும் அங்கே ‘ஏரிதானே’ என்று சொல்ல மாட்டான்.

இது ஆம்பளைங்க ஆட்டம் மட்டும்தானா? அயர்லாந்தின் ஈஸ்கி பிரிட்டனைத் தெரிஞ்சுக்கோங்க. ஈஸ்கி என்பது அயர்லாந்தில் அலைக்குப் பேர்போன ஓர் இடம். அந்தப் பேரையே பெற்றோர் பொண்ணுக்கு வைச்சுட்டாங்க! குளிர் அட்லாண்டிக்கில் விளையாடி வளர்ந்து, பிரம்மாண்ட அலைகளில் ஏறி, கடலுக்கும் மனிதர்களுக்குமான உறவைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினார். படிப்பையும் அலையையும் ஒரே போர்டில் பேலன்ஸ் பண்ணிய கில்லாடி.

ரெண்டு பசங்க, ஒன்பது மாசம்

இங்கே சொல்லியே ஆக வேண்டிய கதை ஒன்று இருக்கு. ஹீரோக்கள் உங்க வயசுக்காரங்க. இங்கே வெகே, 25. யோர்ன் ரானும், 22. இரண்டு பேரும் நார்வேக்காரர்கள்.

வடக்கு நார்வேயில், ஆளே இல்லாத ஒரு தீவு வளைகுடாவில், ஒரு முழுக் குளிர்காலத்தையும் கழிக்க முடிவு செய்தார்கள். மொத்தம் ஒன்பது மாசம். கடல் ஒதுக்கித் தள்ளிய மரக்கட்டைகளையும் குப்பைகளையும் வைத்தே ஒரு குடிசை கட்டினார்கள். கடைகள் தூக்கிப்போட இருந்த, தேதி தாண்டிய உணவுப் பொருட்களை வாங்கி வந்து சாப்பிட்டார்கள். ஆடம்பரம் என்று எடுத்துப் போனது இரண்டு சர்ஃப் போர்டு!

சும்மா அலை விளையாடிவிட்டுத் திரும்பி வரலை. அந்தக் கரையில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக், வலை, டப்பா என்று டன் கணக்கில் குப்பையைப் பொறுக்கிக் குவித்து வெளியேற்றினார்கள். எல்லாவற்றையும் தாங்களே படம் பிடித்து, 2012-ல் ‘நோர்ட்ஃபோர் சோலா’ என்று வெளியிட்டார்கள். ‘சூரியனுக்கு வடக்கே’ என்று அர்த்தம். கனடாவின் பான்ஃப் மலைத் திரைப்பட விழாவில் பெரிய பரிசையே தட்டியது படம்.

யோசிச்சுப் பாருங்க. ஒன்பது மாசத்தில் அவங்க அலைமேல் நின்ற நேரத்தைக் கூட்டினால் எவ்வளவு தேறும்? ஒரு அலையில் நிற்பதே சில விநாடிகள்தான். மிச்ச நேரமெல்லாம் விறகு பொறுக்குவது, அடுப்பு மூட்டுவது, ஈர சூட்டைக் காய வைப்பது, வானத்தைப் பார்ப்பது, காத்திருப்பது. அந்தக் காத்திருப்பை ரசிக்கத் தெரிந்ததால்தான் அந்தச் சில விநாடிகளும் இனித்தன.

‘இன்னும் ஒண்ணே ஒண்ணு...’

குளிர்க் கடல் சர்ஃபர் பயப்பட வேண்டிய அலை எது? பனைமர உயர அலையா? சின்ன அலைதான். ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு புடிச்சுட்டுப் போயிடலாம்டா’ என்று சொல்ல வைக்கும் அந்தக் கடைசி அலை!

விரல் ஏற்கெனவே மரத்திருக்கும். தோள் சோர்ந்திருக்கும். வெளிச்சம் குறையும். ஆனால் ஆசை விடாது. கரை வரைக்கும் துழாவி வரத் தெம்பு வேணும். பனியில் நடந்து, மரத்த விரலால் சூட்டைக் கழற்றவும் தெம்பு வேணும். கரையேறிய பிறகும் சில நிமிஷங்களுக்கு உடம்பின் உள்சூடு இன்னும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அனுபவசாலிகள் உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கும்போதே வெளியே வந்துவிடுவார்கள். அலை அட்டகாசமாக வந்துகொண்டிருக்கும்போது முதுகைக் காட்டிவிட்டு நடப்பதுதான் இந்த ஆட்டத்திலேயே கஷ்டமான ஸ்டெப். கைதட்டல் கிடைக்காத ஸ்டெப்பும் அதுதான்.

ஆரம்பத்தில் ‘கணக்கில் புலிகள்’ என்று சொன்னது இதைத்தான். காற்றைக் கணக்குப் போடு, நிமிஷத்தை எண்ணு, நண்பனைக் கவனி, திரும்பும் வழியை ஞாபகம் வை. தைரியம் இதுக்கெல்லாம் அப்புறம்!

நீங்க லோஃபோட்டன் போறீங்களோ இல்லையோ, அடுத்த செமஸ்டர் லீவில் மணாலி, குளுன்னு டூர் கிளம்பத்தான் போறீங்க. பனி உருகி ஓடும் ஆறு பார்க்க அழகாக இருக்கும். ‘குதிடா மச்சி, வீடியோ எடுக்கறேன்’ என்று ஒரு குரலும் கட்டாயம் வரும். அப்போ இந்தக் கட்டுரையில் ஒரு வரி ஞாபகம் வந்தாலும் போதும். அதுக்காகவே கீழே ஒரு குட்டிப் பெட்டி. கட் பண்ணி வைச்சுக்கோங்க.

பாக்கெட் டிப்ஸ்: குளிர்த் தண்ணியில் விழுந்துட்டா?

* உடனே நீந்த முயற்சி பண்ணாதீங்க. மல்லாந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் மூக்கு மேலே இருக்கும்படி மிதங்க. மூச்சு நிதானத்துக்கு வரட்டும்.

* மூச்சு சீரானதும், கை வேலை செய்யும்போதே கரை ஏறப் பாருங்க. பிடிமானம் கிடைத்தால் விடாதீங்க.

* வெளியே நிற்கிறவங்க ஹீரோவாகிக் கூடவே குதிக்காதீங்க. கயிறு, துப்பட்டா, கம்பு, காலி கேன்... எதையாவது நீட்டுங்க, வீசுங்க. உதவிக்குக் கூப்பிடுங்க.

* கரையேற்றியவரை ஈர உடையை மாற்றி, போர்வை சுற்றிக் காற்று படாத இடத்தில் வைங்க. கை காலைத் தேய்க்காதீங்க, ஓட விடாதீங்க. தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாக டீ கொடுக்கலாம்.

* ‘ஒரு கட்டிங் போட்டா குளிர் போயிடும்’ என்பது சுத்த பொய். மது, தோலுக்கு ரத்தத்தை இழுத்து உள்சூட்டை இன்னும் வேகமாக வெளியேற்றும்.

* பேச்சு குளறினாலோ, மயக்கமாக இருந்தாலோ, நடுக்கம் திடீர்னு நின்றுபோனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க. நேரே ஆஸ்பத்திரி!